எவரெஸ்ட் ஃப்ளைட் கேன்சல் ஆனா கவுன்ட்டர்ல சண்டை போடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல நேபாளம் டூர் பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. காத்மாண்டுல விடிகாலையில ஏத்திட்டுப் போய் ஒரு மணி நேரத்துல எவரெஸ்ட் வரைக்கும் காட்டிட்டு திரும்பக் கொண்டாந்து விடற மவுன்டன் ஃப்ளைட் பத்தியும் அதுல ஒரு பத்தி இருந்துச்சு. படமெல்லாம் ரொம்ப நல்லா இருந்துச்சு, அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா கட்டாயம் போயிட்டு வாங்கன்னு எழுதுனவங்க, எந்த மாசம் போகணும், எந்த மாசம் போகக்கூடாது, காலையில ஏர்போர்ட்ல போய் உக்காந்தப்புறம் கேன்சல்னு சொன்னா என்ன பண்றது, எதுக்காக கேன்சல் பண்றாங்க, இதப்பத்தி ஒரு வரிகூட எழுதல. அதப் படிச்சுட்டு இந்த லீவுக்கே கிளம்பலாமான்னு கேட்டு எங்க சொந்தக்காரங்க ரெண்டு பேர் போன் பண்ணிட்டாங்க. நான் திருச்சிக்காரி. எங்க ஊருக்கும் இந்த ஃப்ளைட்டுக்கும் மறக்க முடியாத ஒரு தொடர்பு இருக்கு. அதனாலதான் கொஞ்சம் நீளமாவே எழுதறேன், முடிஞ்சா வெட்டாம போடுங்க.

2011 செப்டம்பர் 25, அதுவும் ஒரு ஞாயித்துக்கிழமைதான். நேபாளத்து புத்தா ஏர் கம்பெனியோட சின்ன பீச்கிராஃப்ட் விமானம் ஒண்ணு காலையில எவரெஸ்ட் காட்டிட்டு காத்மாண்டுல இறங்கறதுக்காக திரும்பி வந்துட்டு இருந்தப்ப லலித்பூர் மாவட்டத்துல கோட்டண்டாங்கற இடத்துல மலையில மோதிடுச்சு. உள்ள இருந்த 19 பேர்ல ஒருத்தர்கூட பிழைக்கல. அதுல 10 பேர் இந்தியர்கள், அந்த பத்துல 8 பேர் எங்க திருச்சிக்காரங்க, எல்லாரும் கட்டுமானத் தொழில்ல இருந்தவங்க. அன்னிக்கு டிவியில பேர் வர வர, அய்யோ இவரா, நம்ம வீட்டுக்கு வந்திருக்காரே, இவரோட பொண்ணு நம்ம ஸ்கூல்லதானே படிச்சான்னு ஊரே பேசிட்டு இருந்ததை நான் மறக்கல. மழைக்காலம் முடியாத மாசம். இறங்கற வழியில மேகம் தாழ இருந்திருக்கு, அந்த இடத்துல இருக்க வேண்டிய உயரத்துக்குக் கீழ விமானம் வந்து மேகத்துக்குள்ள போயிடுச்சுன்னுதான் விசாரணையில சொன்னாங்க. அவங்க மலையைப் பார்க்கப் போனாங்க, திரும்பி வர்ற வழியில போயிட்டாங்க. அந்தக் குடும்பங்கள்ல யாராவது இதைப் படிச்சா மன்னிச்சுக்கணும், வலியைக் கிளறணும்னு எழுதல, இன்னொரு வீட்டுக்கு இந்த நிலைமை வரக்கூடாதுன்னுதான் எழுதறேன்.

அதுக்காக போகாதீங்கன்னு சொல்ல வரல. நானே போயிட்டு வந்திருக்கேன், திரும்ப வாய்ப்பு கிடைச்சா திரும்பவும் போவேன். ரிட்டயர் ஆன கணக்கு டீச்சர் நான். என் வீட்டுக்காரர், மாமியார், பக்கத்துத் தெரு ஆளுங்கன்னு ஒரு குரூப்பா முக்திநாத் யாத்திரை போனோம். ஸ்ரீரங்கத்துல இருந்துட்டு 108 திவ்ய தேசத்துல எத்தனை பார்த்தாச்சுன்னு கணக்கு வச்சுக்காத வீடே கிடையாது, அதுல திருமங்கையாழ்வார் பாடுன சாளக்கிராமம்னு சொல்றது நேபாளத்துல இருக்கற முக்திநாத்தைத்தான். எங்க பக்கத்துல இருந்து வருஷா வருஷம் எவ்வளவோ பேர் போறாங்க. ரயில்ல கோரக்பூர் வரைக்கும் போய் சுனவுலி பார்டர் தாண்டி பஸ்ல போறவங்களும் உண்டு, டெல்லி வழியா ஃப்ளைட்ல போறவங்களும் உண்டு. பசுபதிநாத், முக்திநாத், போக்ரா, மனகாமனான்னு ஒரு பேக்கேஜ் போடுவாங்க, அதோட கடைசியில எக்ஸ்ட்ரா பணம் கட்டுனா எவரெஸ்ட் ஃப்ளைட்டுன்னு ஒரு வரி சேர்த்திருப்பாங்க. சாமி கும்பிட வந்த வயசானவங்கதான் இதுல பாதிப் பேர். அவங்களுக்கு இந்த ஃப்ளைட் பத்தி ஒண்ணுமே சொல்றதில்ல, நோட்டீஸ்ல எவரெஸ்டுக்கு மேல பறக்கலாம்னு போட்டிருக்கும், அவ்வளவுதான்.

எங்களுக்கு காத்மாண்டு போய்ச் சேர்ந்ததுக்கு மறுநாள் காலையில ஃப்ளைட்டு, அது முடிச்ச கையோட போக்ராவுக்கு பஸ்ஸுன்னு ப்ளான். விடியறதுக்கு முன்னாடியே குளிச்சுட்டு ஸ்வெட்டர், குல்லா, சால்வை எல்லாம் போட்டுக்கிட்டு உள்நாட்டு டெர்மினல்ல போய் உக்காந்தோம். நவம்பர் மாசம், சீசன் சரியானதுதான், ஆனா அன்னிக்குன்னு பார்த்து பனிமூட்டம் ரன்வேயே தெரியாத அளவுக்கு இருந்துச்சு. போர்டிங் பாஸ் குடுத்துட்டாங்க. அரை மணி லேட்டுன்னாங்க, அப்புறம் இன்னொரு அரை மணின்னாங்க. பனி விலகற மாதிரி இருந்துச்சு, வெயில்கூட லேசா வந்துச்சு, எல்லாரும் எழுந்து க்யூவுல நின்னோம், அப்பதான் மலைப்பக்கம் மேகம் ஏறிடுச்சு இன்னிக்கு போகாதுன்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் அந்த கவுன்ட்டர்ல நடந்ததை நினைச்சாத்தான் எனக்கு இன்னிக்கும் மனசு ஆறல.

எங்க ஆளுங்க மட்டும்னு சொல்ல மாட்டேன், வேற மாநிலத்து குரூப்பும் இருந்துச்சு, எல்லாரும் சேர்ந்து அந்தக் கவுன்ட்டர்ல இருந்த சின்னப் பையனைப் பிடிச்சுக்கிட்டாங்க. வெயில் அடிக்குதே உனக்குக் கண்ணு தெரியலையாங்கறாரு ஒருத்தர். பெட்ரோல் மிச்சம் பண்ண கேன்சல் பண்றீங்கங்கறாரு இன்னொருத்தர். எங்க குரூப்லயே நல்லாப் படிச்ச, பெரிய வேலையில இருந்த ஒருத்தர், நாங்க இவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கோம், எடுத்துட்டுப் போங்க, என்ன ஆனாலும் நாங்க பார்த்துக்கறோம்னு சொன்னாரு. என்ன ஆனாலும்னா என்ன அர்த்தம்? திருச்சியில இருந்து வந்தவங்க இந்த ஊர்ல நின்னுக்கிட்டு இந்த வார்த்தையைச் சொல்லலாமா? நான் அவர்கிட்ட நேராவே கேட்டேன், 2011 ஞாபகம் இல்லையா சார்னு. அவரு அப்புறம் ஒண்ணும் பேசல. அந்தப் பையன் மட்டும் பொறுமையா ஹிந்தியில ஒண்ணே ஒண்ணு சொன்னான், மலை நாளைக்கும் இங்கதான் இருக்கும் அம்மான்னு. அவனுக்கு இதெல்லாம் தினமும் நடக்கறது போல.

பணம் விஷயம் வேற. எங்களைக் கூட்டிட்டுப் போன டூர் ஆளு, ஃப்ளைட்டு கேன்சல் ஆனா காசு திரும்ப வராது, அதெல்லாம் முன்னாடியே பேசுனதுதான்னு சாதிச்சாரு. யார்கிட்ட பேசுனாருன்னு தெரியல. கடைசியில அந்த விமானக் கம்பெனிக்காரங்களே, வானிலை காரணமா நாங்க நிறுத்துனா வேற நாள் டிக்கெட் இல்லைன்னா பணம் திரும்பன்னு வாயைத் தொறந்து சொன்னப்புறம்தான், சரி முக்திநாத் போயிட்டு வந்து கடைசியில ஒரு காலை ஒதுக்கறேன்னு ஒத்துக்கிட்டாரு. அந்த மனுஷன் பேரை இங்க எழுத விரும்பல. அவர் ஒருத்தரோட பிரச்சனை இல்ல இது, இப்படித்தான் நிறைய பேர் பேக்கேஜ் போடறாங்க. ஒரு காலைதான், அது போச்சுன்னா போச்சு. அதனாலதான் ஜனங்க கவுன்ட்டர்ல போய் கத்தறாங்க. அவங்க கோபத்துக்குப் பாதி காரணம் வானிலை இல்ல, டைம் டேபிள்.

காத்மாண்டு ஏர்போர்ட் பத்தி கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டா இந்தக் கோபம் வராது. கடல் மட்டத்துல இருந்து 1,338 மீட்டர் உயரத்துல, சுத்தி மலை நடுவுல கிண்ணம் மாதிரி இருக்கற பள்ளத்தாக்கு அது. எந்தப் பக்கம் இருந்து இறங்குனாலும் மலையைத் தாண்டித்தான் இறங்கணும். 1992ல ஜூலை கடைசியில தாய் ஏர்வேஸ் விமானம் ஒண்ணு, ரெண்டு மாசம்கூட ஆகல, செப்டம்பர் கடைசியில பாகிஸ்தான் இன்டர்நேஷனல் விமானம் ஒண்ணு, ரெண்டும் இதே ஏர்போர்ட்டுக்கு வர்ற வழியில மலையில மோதுனதுதான், முதல்ல 113 பேர், அடுத்ததுல 167 பேர் இறந்தாங்க. அதெல்லாம் பெரிய பெரிய ஜெட் விமானம். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் பருவமழை, மலையே கண்ணுல படாத நாள்தான் அதிகம். குளிர்காலத்துல காலையில பனிமூட்டம். மழை நின்னதுக்கு அப்புறம் அக்டோபர், நவம்பர், அப்புறம் மார்ச், ஏப்ரல், இதுதான் நல்ல சமயம். அதுலயும் காலையிலதான். வெயில் ஏற ஏற பள்ளத்தாக்குல இருக்கற ஈரக்காத்து சூடாகி மேல எழும்பி மலையைச் சுத்தி மேகமா கட்டிக்கும், மதியத்துக்குள்ள மொத்தமும் மூடிடும். நாங்க ஏர்போர்ட்ல உக்காந்து பனி விலகட்டும்னு காத்துட்டு இருந்த அதே நேரத்துல அங்க மேகம் ஏறிட்டு இருந்திருக்கு. இங்க வெயில் அடிக்கறதை வச்சு நூறு கிலோமீட்டருக்கு அந்தாண்ட இருக்கற மலையைப் பத்தி நாம முடிவு பண்ண முடியுமா? முக்திநாத்துக்குப் போற வழியில போக்ராவுல இருந்து ஜோம்சோம் போற சின்ன விமானமும் இப்படித்தான், காளி கண்டகி ஆத்துப் பள்ளத்தாக்குல முற்பகல் தாண்டுனா காத்து பிச்சுக்கிட்டு அடிக்கும், அதனால காலையில மட்டும்தான் ஓட்டுவாங்க. எங்களுக்கு அது ஒழுங்கா போச்சு. பெருமாள் புண்ணியம்.

இப்ப அந்த ஃப்ளைட்டு பத்தி. முக்திநாத் முடிச்சுட்டு திரும்பி வந்த அப்புறம் கிடைச்ச அந்தக் காலையில வானம் துடைச்சு விட்ட மாதிரி இருந்துச்சு. ஏடிஆர் 72 விமானம், ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு சீட்டு, ஆனா ஜன்னல் சீட்டு மட்டும்தான் விக்கறாங்க, பக்கத்து சீட்டு காலியா இருக்கும். இதுலயும் ஒரு சண்டை வரும், எனக்கு ஏன் வலது பக்கம் குடுத்தீங்கன்னு. போறப்ப மலை இடது பக்கம் வரும், எவரெஸ்ட் கிட்டப் போய் விமானம் திரும்புனதும் அதே மலையெல்லாம் வலது பக்கம் வரும், எல்லாருக்கும் சமமாத்தான் காட்டுவாங்க, பதற வேணாம். சீட்டுல ஒரு அட்டை குடுத்தாங்க, அதுல மலைகளோட உருவத்தைக் கோட்டால வரைஞ்சு பேரும் உயரமும் போட்டிருந்துச்சு. அட்டையில இருக்கற கோடும் ஜன்னல்ல தெரியற மலையும் ஒண்ணா பொருந்தற அந்த நிமிஷம் இருக்கு பாருங்க, கணக்கு டீச்சருக்கு அதைவிட சந்தோஷம் கிடையாது. முதல்ல லாங்டாங் லிருங், 7,200 மீட்டருக்கு மேல. அதுக்குப் பின்னால திபெத் பக்கம் ஷிஷாபாங்மா. அப்புறம் ரெட்டைக் கொம்போட ஒரு மலை, ஏர்ஹோஸ்டஸ் பொண்ணு குனிஞ்சு என் தோள் பக்கத்துல விரலை நீட்டி கௌரி சங்கர்னு சொல்லுச்சு. 7,134 மீட்டர். ஒரு சிகரம் கௌரி, இன்னொண்ணு சங்கரன். என் மாமியார் முன்சீட்டுல இருந்தாங்க, பெல்ட்டைப் போட்டபடியே ரெண்டு கையையும் ஜன்னலுக்கு நேரா கூப்புனாங்க. வைஷ்ணவ வீட்டுல பொறந்து வளர்ந்தவங்கதான், ஆனா அங்க போய் அதெல்லாம் யாருக்குத் தோணும்.

அதுக்கப்புறம் சோ ஓயு, 8,188 மீட்டர், மேல தட்டையா ஒரு பெரிய மைதானம் இருக்கற மாதிரி தெரியும். அதுக்குள்ள ஒவ்வொருத்தரா காக்பிட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. என் முறை வந்தப்ப பைலட்டுங்க ரெண்டு பேருக்கு நடுவுல நின்னு பார்த்தேன். நேரா முன்னால, நுப்ட்சேன்னு ஒரு நீளச் சுவர் மாதிரி மலை, அதுக்குப் பின்னால தலையை மட்டும் தூக்கிக்கிட்டு கருப்பா ஒரு முக்கோணம். எவரெஸ்ட். மத்த மலையெல்லாம் வெள்ளையா பளபளன்னு இருக்க, இது மட்டும் ஏன் கருப்புன்னு கேட்டேன். அந்த உயரத்துல அடிக்கற காத்துல பனி அந்தப் பாறையில நிக்கறதில்ல, பறந்து போயிடுதுன்னு சொன்னாரு. அவர் சொல்லும்போதே உச்சியில இருந்து வெள்ளையா ஒரு தீற்றல் கிழக்குப் பக்கமா நீண்டு கிடந்ததைப் பார்த்தேன், மேகம்னு நினைச்சா நகராம அங்கேயே உச்சியை ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அதான் அந்தப் பனி. பக்கத்துல லோட்சே, கொஞ்சம் தள்ளி மக்காலு, முன்னால சின்னதா ஆனா ரொம்ப அழகா அமா தப்லாம். என் சீட்டுக்கு வந்து உக்காந்தப்புறம் அழுகை வந்துச்சு. சோகம் எல்லாம் இல்ல, ஏன்னு சொல்லத் தெரியல.

ஒண்ணு தெளிவா சொல்லணும். எவரெஸ்டுக்கு மேல பறக்கலாம்னு நோட்டீஸ்ல போடறது பொய். எவரெஸ்ட் உயரம் 8,848.86 மீட்டர், 2020 டிசம்பர்ல நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவிச்ச கணக்கு, அடியில சொன்னா 29,032. ஏடிஆர் 72 பறக்கக்கூடிய அதிகபட்ச உயரமே 25,000 அடி. அப்ப நாம அதோட உச்சத்துல பறந்தாலும் எவரெஸ்ட் உச்சி நமக்கு மேல இன்னும் 4,000 அடி இருக்கு. பக்கவாட்டுல இருந்து, கொஞ்சம் அண்ணாந்துதான் பார்க்கறோம். அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா பொய் சொல்லி கூட்டிட்டுப் போனா, போனவங்க இன்னும் கிட்டப் போங்க, இன்னும் மேல போங்கன்னு கேக்க ஆரம்பிப்பாங்க. கேட்டும் இருக்காங்க, என் காதால கேட்டேன்.

இந்த மலையை அளந்த கதைக்கும் நமக்கும் ஒரு சொந்தம் உண்டு, இதை எங்க பிள்ளைகளுக்கு வகுப்புல சொல்லிட்டே இருப்பேன். வில்லியம் லாம்டன்ங்கற பிரிட்டிஷ் அதிகாரி 1802 ஏப்ரல்ல மெட்ராஸ் பரங்கிமலை பக்கத்துல ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டைச் சங்கிலி வச்சு அளந்து ஆரம்பிச்சதுதான் இந்தியாவோட பெரிய முக்கோண சர்வே. ஒரு பக்கத்தோட நீளமும் ரெண்டு கோணமும் தெரிஞ்சா முக்கோணம் முழுசும் கைக்கு வந்துடும், அந்த ஒரே கணக்குதான். 1808ல தஞ்சாவூர் பெரிய கோயில்ல கோணம் அளக்கறதுக்கான, அரை டன் எடை இருந்த தியோடலைட்டை மேல ஏத்தறப்ப கயிறு அறுந்து கருவி அடிபட்டுடுச்சு, அதையும் சரி பண்ணி வேலையைத் தொடர்ந்தாங்க. அந்த முக்கோணங்கள் ஒண்ணு மேல ஒண்ணா வடக்கே போய்ப் போய், லாம்டனுக்கு அப்புறம் ஜார்ஜ் எவரெஸ்ட், அவருக்கு அப்புறம் ஆண்ட்ரூ வாஹ்னு ஆள் மாறி, கடைசியில 1852ல அந்த சர்வேயில வேலை பார்த்த வங்காளத்துக்காரர் ராதாநாத் சிக்தார் கணக்குப் போட்டு, பதினஞ்சாம் நம்பர் சிகரம்னு குறிச்சு வச்சிருந்த மலைதான் உலகத்துலயே உசரம்னு கண்டுபிடிச்சாங்க. அப்ப நேபாளத்துக்குள்ள போக அவங்களுக்கு அனுமதி கிடையாது, நூறு மைலுக்கு மேல தள்ளி சமவெளியில நின்னு, மலை தெரியற நாளுக்காக காத்துக் கிடந்து அளந்தது அது. 1933 ஏப்ரல் 3 அன்னிக்கு பீகார்ல பூர்ணியாவுல இருந்து ரெண்டு வெஸ்ட்லேண்ட் விமானம் கிளம்பி முதன்முதலா எவரெஸ்டுக்கு மேல பறந்துச்சே, அவங்களும் காத்து அடங்கற நாளுக்காக பூர்ணியாவுல காத்திருந்துதான் போனாங்க. அப்படிப் போயும் ஒரு கேமராமேனுக்கு ஆக்சிஜன் குழாய் உடைஞ்சு மயக்கம் போட்டுடுச்சு. சர்வே பண்ணவனும் காத்திருந்தான், முதல்ல பறந்தவனும் காத்திருந்தான். பேக்கேஜ்ல போற நமக்கு ஒரு காலை காத்திருக்க முடியலைன்னா என்ன சொல்றது.

இப்ப புதுசா ஹெலிகாப்டர் டூர் வேற. அதுல கூட்டிட்டுப் போய் எவரெஸ்ட் பக்கத்துல காலா பத்தர்ங்கற மேட்டுல இறக்கி போட்டோ எடுக்க விடறாங்க. அது 5,500 மீட்டருக்கு மேல. விமானத்துல கேபின் பிரஷர் இருக்கு, 25,000 அடியில போனாலும் மூச்சு திணறாது, என் மாமியார் மாதிரி வயசானவங்களுக்கு ஒண்ணும் ஆகல. ஹெலிகாப்டர்ல அது கிடையாது, காத்மாண்டுல இருந்து நேரா அந்த உயரத்துக்குக் கொண்டு போய் விட்டா உடம்பு பழக டைமே இல்ல. இதயம், நுரையீரல் பிரச்சனை இருக்கறவங்க டாக்டர்கிட்ட கேக்காம அந்தப் பக்கமே போகாதீங்க. 2023 ஜூலை 11ல எவரெஸ்ட் பக்கம் இருந்து காத்மாண்டு திரும்பிட்டு இருந்த ஹெலிகாப்டர் ஒண்ணு விழுந்து மெக்சிகோ சுற்றுலாக்காரங்க அஞ்சு பேரும் பைலட்டும் இறந்தாங்க. மாசத்தைப் பாருங்க, ஜூலை. அதுக்கப்புறம்தான் நேபாள அதிகாரிகளே மழைக்காலம் முடியற வரைக்கும் அவசியமில்லாத ஹெலிகாப்டர் பயணம் வேணாம்னு நிறுத்தி வச்சாங்க. ஒரு நாடு தன்னோட வருமானத்தை விட்டுட்டு நிறுத்துது, நாம இங்க உக்காந்துக்கிட்டு ஆஃப் சீசன் ஆஃபர்னு ஜூலை, ஆகஸ்ட்ல ஆள் சேர்க்கறோம்.

நேபாள விமானப் பாதுகாப்பு பத்தியும் மறைக்காம சொல்லிடணும். 2013 டிசம்பர்ல ஐரோப்பிய யூனியன் நேபாளத்து விமானக் கம்பெனி எல்லாத்தையும் தன்னோட வான் எல்லைக்குள்ள வரக்கூடாதுன்னு தடை பட்டியல்ல சேர்த்துச்சு, பல வருஷமா அது அப்படியே இருந்துச்சு. ஏர்போர்ட்டை நடத்தறதும், அதைக் கண்காணிக்கறதும் ஒரே அமைப்பா இருக்குங்கறது பெரிய குறையா சொல்லப்பட்டுச்சு. 2023 ஜனவரியில போக்ராவுல ஏடிஆர் விமானம் விழுந்து 72 பேர் இறந்ததை எல்லாரும் வீடியோவுலயே பார்த்தோம். நான் அதையெல்லாம் படிச்சுட்டுத்தான் போனேன், வீட்டுல பேசி முடிவு பண்ணித்தான் போனோம். அந்த முடிவை எடுக்கற உரிமை ஒவ்வொருத்தருக்கும் இருக்கு, ஆனா தகவலைக் குடுத்துட்டு முடிவு பண்ணச் சொல்லணும். குரூப்ல எல்லாரும் வர்றாங்க நீங்க மட்டும் என்ன பாட்டின்னு எழுபது வயசுக்காரங்களை இழுத்துட்டுப் போறது தப்பு. பயமா இருக்கு வரலைன்னா விட்டுடுங்க.

எங்க மாவட்டத்துல யாத்திரை கூட்டிட்டுப் போறவங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஃப்ளைட்டை டூரோட முதல் பாதியில போடுங்க, தவறுனா கடைசியில இன்னொரு காலை கைவசம் இருக்கற மாதிரி பண்ணுங்க. ஊருக்குத் திரும்பற நாள் காலையில மட்டும் போடவே போடாதீங்க. கேன்சல் ஆனா பணம் எப்படி, எத்தனை நாள்ல திரும்ப வரும்னு தமிழ்ல எழுதிக் குடுங்க. இந்தியர்களுக்கு அங்க தனி ரேட் உண்டு, எந்தக் கம்பெனி, எந்த விமானம், எவ்வளவு ரேட்டுன்னு ரசீதோட காட்டுங்க. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் இந்த ஃப்ளைட்டை விக்கவே விக்காதீங்க. போறவங்க கையில பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ இருக்கான்னு கிளம்பறதுக்கு முன்னாடியே பாருங்க, ஆதார் இருந்தா போதும்னு நினைச்சு ஏர்போர்ட்ல வந்து முழிக்கறவங்க இன்னும் இருக்காங்க.

போறவங்களுக்கும் ஒரு வார்த்தை. மலை பார்க்க இது ஒண்ணுதான் வழின்னு நினைக்காதீங்க. காத்மாண்டுல இருந்து நாகர்கோட் 32 கிலோமீட்டர்தான், விடிகாலையில அங்க நின்னா வரிசையா பனிமலை தெரியும். போக்ராவுல சாரங்கோட்ல நின்னா அன்னபூர்ணா மலைத்தொடரும், யாரையும் ஏற விடாம சாமி மலையா வச்சிருக்கற மச்சாபுச்ரேவும் கண்ணு முன்னால நிக்கும். டெல்லியில இருந்து காத்மாண்டு போற ஃப்ளைட்ல இடது பக்கம் ஜன்னல் சீட்டு கேட்டு வாங்குங்க, திரும்பறப்ப வலது பக்கம், வானம் தெளிவா இருந்தா தனியா காசு குடுக்காமலே இமயமலை முழுக்க கூட வரும். இவ்வளவு வழி இருக்கறப்ப, வானிலை சரியில்லைன்னு ஒரு பைலட்டு சொன்னா அந்த ஆளு கையைப் பிடிச்சு நன்றி சொல்லிட்டு ரூமுக்குத் திரும்புங்க. அந்தக் கவுன்ட்டர்ல கத்தறவங்க பேச்சைக் கேட்டு எந்த பைலட்டும் கிளம்பிட மாட்டாங்கன்னுதான் நானும் நம்பறேன், ஆனா தினமும் காலையில அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே வேலை பாக்கறவங்களும் மனுஷங்கதானே.

உங்க பத்திரிகையில அடுத்த தடவை நேபாளம் பத்தி எழுதறப்ப எந்த மாசம் போகலாம்ங்கறதையும், கேன்சல் ஆனா என்ன உரிமைங்கறதையும் படத்துக்குப் பக்கத்துலயே கட்டம் கட்டிப் போடுங்க. டூர் விளம்பரம் வாங்கறப்ப எவரெஸ்டுக்கு மேல பறக்கலாம்ங்கற வரி இருந்தா அதைத் திருத்தச் சொல்லிட்டு வாங்குங்க. இந்த ரெண்டையும் நீங்க செய்ய முடியும்னு நம்பித்தான் இந்தக் கடிதம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியை,
ஸ்ரீரங்கம், திருச்சி.